பாலத்தடிப் பலகையில் ஒன்று கூட்டிய நாள்

போன மாதம் எங்கள் ஊர் கவுன்சிலில் ஒரு தீர்மானம் வந்தது. பாலத்தடியில் நிற்கிற மக்கள்தொகைப் பலகையில் இனி அரசாங்கத்தின் பத்தாண்டுக் கணக்கெடுப்பு எண்ணை மட்டும் எழுதிவிட்டு அப்படியே விட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பிறந்தால் கூட்டுவதும் இறந்தால் கழிப்பதும் வீண் வேலையாம். இன்னும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. நான் முன்பு வேலை பார்த்த பணிமனையிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "டோனி, நீ அதை எப்படிச் செய்தாய் என்று கூட்டத்தில் வந்து சொல்" என்று கேட்டார்கள். போகத்தான் போகிறேன். ஆனால் ஆங்கிலத்தில் என்னால் ஐந்து நிமிடத்துக்கு மேல் மூச்சுப் பிடிக்க முடியாது. முழுதும் சொல்ல வேண்டுமென்றால் தமிழில்தான் முடியும். அதனால் நம் ஜெபக் குழு மலருக்கு இதை எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் தொழில் படித்தேன். மனைவி ரோஸ்லின் நர்ஸ். அவளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது, நான் அவள் பின்னால் வந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. நியூஜெர்சியில் வண்டி ஓட்டி வருகிறவர் தானே இறங்கிப் பெட்ரோல் போடக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறது. எனக்கு முதல் சம்பளம் கொடுத்தது அந்தச் சட்டம்தான். பெட்ரோல் பங்கில் நின்றேன், பிறகு ஒரு குடோனில் பெட்டி தூக்கினேன், பிறகு கனரக வண்டிக்கு லைசென்ஸ் எடுத்தேன். அதைக் காட்டித்தான் இந்த ஆற்றங்கரை ஊரின் பணிமனையில் சேர்ந்தேன். பனி தள்ளுவது, உப்புத் தூவுவது, இலை வாருவது, மழைநீர்ச் சாக்கடையைத் திறந்துவிடுவது என்று ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். ஆண்டவர் எனக்குக் கொடுத்த ஒரே பெரிய வேலை அது.

ஊர் சின்னது. நானூற்றுச் சொச்சம் பேர். இங்கிலாந்தில் ஓர் ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து சில குடும்பங்கள் கடல் தாண்டி, படகில் ஆற்று வழியாக மேலே ஏறி வந்து இறங்கின இடம் இது. விட்டு வந்த ஊரின் பெயரையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அந்த மூல ஊரைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவர்கள் நம்மைவிடச் சின்ன ஊர், ஆனால் நம்மைவிடப் பெருமை" என்றார். இங்கே ஒரு காலத்தில் மாவு மில், படகுத்துறை, இரண்டு பள்ளிக்கூடம் எல்லாம் இருந்ததாம். ஆறு ஒவ்வொரு பெரிய வெள்ளத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது.

பலகை பாலம் முடிகிற இடத்தில் நிற்கிறது. வெள்ளைப் பெயின்ட் அடித்த மரப் பலகை. மேலே ஊர்ப் பெயர், கீழே மூன்று கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தகர எண். மீதி எண்கள் ஒரு மரப் பெட்டியில் துணி சுற்றி இருக்கும். அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்தவர் என் மேலதிகாரி வாரன்.

வாரன் உயரமான மனிதர். அதிகம் பேச மாட்டார். பணிமனையில் நாலு பேர் முன்னால் யாருக்கும் வேலை சொல்ல மாட்டார். "வண்டியில் ஏறு" என்பார். ஏறி உட்கார்ந்ததும் முகத்தைப் பார்க்காமல் முன் கண்ணாடியைப் பார்த்தபடி சொல்வார். திட்டுவதாக இருந்தாலும் அப்படித்தான். மதியம் ஒரு ஆப்பிளைப் பேனாக்கத்தியால் அரிந்து, முதல் துண்டைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் தின்பார். கோவிலுக்குப் போகிற பழக்கம் அவருக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் பலகையில் ஒருவரைக் கழிக்கும்போது தொப்பியைக் கழற்றுவார்.

முறையை அவர் ஒரே தடவை செய்து காட்டினார். புது எண்ணை முதலில் இடது கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும். கொக்கி வெறுமையாக இருக்கக் கூடாது. கூட்டுவதாக இருந்தால் காலையில், கழிப்பதாக இருந்தால் அடக்கம் முடிந்து, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே. கழற்றிய எண்ணைத் துடைத்துத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். வீடு மாறிப் போகிறவர்களைச் சாமான் வண்டி பாலம் தாண்டின பிறகுதான் கழிக்க வேண்டும். கல்லூரிக்குப் போன பிள்ளைகளும் பட்டாளத்துக்குப் போனவர்களும் ஊர்க் கணக்கிலேயே இருப்பார்கள். குழந்தை பிறந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில்தான் கூட்ட வேண்டும்.

டோரிஸ் என்று ஒரு அம்மாள் இருந்தார். பக்கத்து வீட்டோடு வேலித் தகராறு. கோபித்துக்கொண்டு ஃப்ளோரிடாவில் மகளிடம் போய்விட்டார். அங்கிருந்து அடிக்கடி பணிமனைக்குப் போன் பண்ணி, "என்னைக் கழித்துவிட்டீர்களா? கழித்துவிட்டீர்களா?" என்று கேட்பார். வாரன், "உன் சோபா இன்னும் பாலம் தாண்டவில்லை டோரிஸ்" என்று சொல்லி வைத்துவிடுவார். பனி உருகின பிறகு அம்மாள் தானாகவே திரும்பி வந்தார். வேலித் தகராறும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

சிரிக்க முடியாத நாட்களும் உண்டு. ஒரு வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றை ஒட்டிய கீழ்த் தெருவில் பல வீடுகளை அரசாங்கமே விலைக்கு வாங்கி இடித்தது. குடும்பம் குடும்பமாகப் பாலம் தாண்டினார்கள். ஒவ்வொரு சாயங்காலமும் நான் பெட்டியோடு போனேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னேன். அந்த நாட்களில் வாரன் ஆப்பிள் கொண்டுவரவில்லை.

இனி நான் சொல்ல வந்தது.

கீழ்த் தெருவில் தப்பின வீடுகளில் ஒன்றின் மாடியில் கணவன் மனைவியாக இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் குடிவந்தார்கள். பிரகாஷ், சுகன்யா. ஈரோட்டுப் பக்கம். இருவரும் கம்ப்யூட்டர் வேலை. வாடகை குறைவு என்று வந்தவர்கள். நான் ஐசலினில் இருக்கிற இந்தியக் கடைக்குப் போகும்போது அவர்களுக்கும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வருவேன். அவர்கள் பிரிட்ஜ்வாட்டர் கோவிலுக்குப் போனால் எனக்குப் புளியோதரை வரும். சுகன்யா உண்டாகியிருந்தாள். பிரகாஷிடம் எப்போது விசாரித்தாலும், "இன்னும் நாள் இருக்குங்க அங்கிள்" என்பான். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அவர்கள் வீட்டு வாசல் சாக்கடையில் இலை அள்ளிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் சுகன்யா சால்வை போர்த்திக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தாள். வயிறு இல்லை.

"அங்கிள், பயப்படாதீங்க. பாப்பா பொறந்துட்டா. ரொம்ப சீக்கிரமா பொறந்துட்டா. ஹாஸ்பிடல்ல கண்ணாடிப் பெட்டியில இருக்கா. என் ரெண்டு கையில அடங்கிடுவா அங்கிள்."

"பிரகாஷ் ஒண்ணும் சொல்லலியேம்மா?"

"அவர் யாருக்குமே சொல்லலீங்க. ஊர்ல மாமியாருக்கே தெரியாது. சொன்னா கண்ணு பட்டுடுமாம். வீட்டுக்கு வந்து, பேர் வெச்சப்புறம் சொல்லிக்கலாம்ங்கறார்." பாலத்துப் பக்கம் திரும்பினாள். "அங்கிள், பாலத்துல அந்த நம்பர் மாத்தறது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"ஒண்ணு கூட்டிடுங்க. எனக்கு பலூன் வேண்டாம், கேக் வேண்டாம். தெனமும் அந்த போர்டைத் தாண்டித்தான் ஹாஸ்பிடல் போறேன். பாக்கறப்பெல்லாம் எனக்குப் புள்ளையே பொறக்கலைங்கற மாதிரி இருக்கு."

அன்றைக்கே வாரனிடம் கேட்டேன். "வண்டியில் ஏறு" என்றார். ஏறினேன். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "முடியாது, டோனி" என்றார்.

நான் விடவில்லை. "பட்டாளத்துக்குப் போனவனை வைத்திருக்கிறோமே?"

"அவன் முன்பு இங்கே இருந்தவன். அந்தக் குழந்தை இன்னும் பாலம் தாண்டி வரவில்லை." பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லைபோல, ஆப்பிளை எடுத்து அரிந்தார். "இந்தப் பலகை எதற்கு வந்தது தெரியுமா? முதலில் வந்தவர்கள் படகுத்துறையில் ஒரு பலகை அடித்து எண் எழுதினார்கள். கீழேயிருந்து மாவு ஏற்றி வருகிற படகுக்காரனுக்காக. இந்தக் கரையில் இத்தனை வாய் இருக்கிறது, இத்தனை பேருக்கு இறக்கிவிட்டுப் போ என்று. அவர்களுக்கு முன்னால் இதே கரையில் குடியிருந்த பழங்குடிகளை அவர்கள் எண்ணவில்லை, அது அவர்கள் செய்த கணக்கின் லட்சணம். ஆனால் எண்ணினவர்களுக்காவது சரியாக எண்ணினார்கள். இங்கே சாப்பிடுகிற வாய்தான் கணக்கு. எனக்கு இரக்கம் வருகிறபோதெல்லாம் கூட்டினால் அது வெறும் அலங்காரப் பலகை."

 சுகன்யாவிடம் போய், "விட மாட்டேம்மா, மறுபடியும் கேப்பேன்" என்று மட்டும் சொன்னேன். மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். வாரன் பணிமனையில் என்னைக் கண்டாலே வேறு பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

அந்த வாரம் மழை பிடித்தது. ஆறு ஏறிக்கொண்டே வந்தது. ஒரு காலையில் கீழ்த் தெருவுக்குக் கரண்டை நிறுத்தினார்கள், பாலத்தையும் மூடினார்கள். வாரனும் நானும் உயரமான பெரிய லாரியில் தெருவைக் காலி பண்ணிக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. சுகன்யா.

"அங்கிள், கரண்ட் போயிடுச்சு. ஃப்ரீசர்ல பால் இருக்கு. எல்லாம் உருகிடும். அவர் அந்தப் பக்கம் ஹாஸ்பிடல்ல மாட்டிக்கிட்டார். அங்க இருந்த ஸ்டாக் இன்னைக்கோட தீர்ந்துடும். அவளுக்குத் தாய்ப்பால்தான் ஒத்துக்குதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

லாரியைத் திருப்பினேன். தண்ணீர் படிக்கட்டு வரை வந்துவிட்டது. சுகன்யா ஒரு ஐஸ் பெட்டியைத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டி, நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். வாரன் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய், அவளைக் கைப்பிடித்து ஏற்றினார். பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஆற்றின் மேல்பக்கம் இன்னொரு பாலம் இருக்கிறது. அதற்கு மலைச் சாலை வழியாகச் சுற்றிப் போக வேண்டும். மரக்கிளைகள் விழுந்து கிடந்தன. இரண்டு இடத்தில் நான் இறங்கி ரம்பத்தால் அறுத்துத் தள்ளினேன். இரண்டாவது தடவை ஏறும்போது வாரன் அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதில் என்ன இருக்கிறது?"

"என் பொண்ணோட சாப்பாடு."

"எங்கே வாங்கினாய்?"

சுகன்யா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "வாங்கறதா? நான்தான் எடுக்கறேன். அந்த மாடியில உக்காந்து, ராத்திரி பகல்னு பாக்காம எடுக்கறேன். அவர் தெனமும் கொண்டுபோறார். பொறந்ததுலேருந்து அவ வேற எதுவும் சாப்பிட்டதில்ல."

இதை அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். வாரன் மடியிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். மேட்டில் ஏறின பிறகு, "டோனி, அப்படியானால் அந்தக் குழந்தை எங்கே சாப்பிடுகிறது?" என்றார்.

"கீழ்த் தெருவில்" என்றேன்.

"படகுக்காரன் அவளுக்கும் சேர்த்துத்தான் இறக்கியிருக்க வேண்டும்."

"அதைத்தான் இத்தனை நாளாக..." என்று நான் திரும்பினேன்.

"இன்றைக்குப் படகுக்காரன் நீதான். ரோட்டைப் பார்த்து ஓட்டு."

ஆஸ்பத்திரி வாசலுக்குப் பிரகாஷ் ஓடி வந்தான். எங்கள் இருவரையும், எங்கள் சேற்று பூட்ஸையும், வாரன் கையிலிருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். நாங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் மறைத்திருந்தான்.  சுகன்யா, "போர்டுல போடப் போறாங்க" என்றாள்.

"வேண்டாமுங்க அங்கிள்! ஊரே யாரு யாருன்னு கேக்கும். எல்லாக் கண்ணும் அவ மேலதான் விழும்."

"போடட்டும்ங்க" என்றாள் சுகன்யா. "மறைச்சு மறைச்சு, இல்லாத புள்ளை மாதிரி ஆக்கி வெச்சிருக்கோம்."

என்ன பேசுகிறார்கள் என்று வாரன் கேட்டார். திருஷ்டி என்றால் என்னவென்று அந்த ஆஸ்பத்திரி வாசலில் வைத்து எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் பேசினார்.

"பலகையில் பேர் கிடையாது, மகனே. வெறும் எண். எந்த வீட்டுக் குழந்தை என்று யாருக்கும் தெரியாது. கண் போட நினைக்கிறவனுக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியாது."

பிரகாஷ் வாரனிடம் கையை நீட்டினான். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டு, "சரி, போடுங்க அங்கிள்" என்றான்.

வெள்ளம் வடிந்து பாலம் திறந்த காலையில் நான் எண் பெட்டியோடு போனேன். வாரனும் கூட வந்தார். புது எண்ணை இடது கையில் எடுத்தேன், பழையதைக் கழற்றினேன், புதியதை மாட்டினேன். சிலுவை போட்டுக்கொண்டேன். அன்று முழுக்கக் காபிக் கடையில் இதே பேச்சு. "யார் வீட்டில்? யார் வீட்டில்?" டோரிஸ் அம்மாள் தன் வேலித் தகராறுக்காரர் வீட்டில்தான் ஏதோ ரகசியம் என்று அடித்துச் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் குழந்தைக்குத் தொற்று வந்துவிட்டது. ரோஸ்லினிடம் கேட்டேன். அவள் பொய் சொல்லித் தேற்றுகிறவள் இல்லை. "அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இது பெரிய விஷயங்க. ரெண்டுக்கும் மனசைத் தேத்தி வச்சுக்கிடுங்க" என்றாள். அன்று நான் ஜெபமாலையை முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. 

மறுநாள் காலையில் பாலத்தடியில் சாலைக் குழி அடைத்துக்கொண்டிருந்தேன். பிரகாஷ் காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வந்தான். தூங்கின முகமாக இல்லை.

"எடுத்துடுங்க அங்கிள்."

"எதை தம்பி?"

"அந்த நம்பரை. நீங்க போட்டீங்க, அப்புறம்தான் இப்படி ஆச்சு. எடுத்துடுங்க. அவ நல்லா ஆனதும் போட்டுக்கலாம்."

"எடுக்க மாட்டேன்."

"உங்களுக்கென்னங்க, வெறும் தகரம்!" என்று சொல்லிக்கொண்டே அவன் போய்க் கடைசி எண்ணின் மேல் கை வைத்தான். நான் ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். அவன் இளந்தாரி, எனக்கு அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த வயது. ஆனாலும் விடவில்லை.

"தம்பி, கேளு. ரெண்டே விஷயத்துக்குத்தான் நான் கழிப்பேன். ஒண்ணு, ஆளை அடக்கம் பண்ணியிருக்கணும். இல்லன்னா சாமான் வண்டி பாலம் தாண்டியிருக்கணும். ரெண்டும் நடக்கல. உம் மவ மூச்சு விட்டுக்கிட்டிருக்கா. மூச்சு விடுத புள்ளைய, நீ பயப்படுதேங்கிறதுக்காகக் கழிக்க முடியாது. பெத்தவன் நீயே சொன்னாலும் முடியாது."

அவன் கை தளர்ந்தது. அந்தப் பலகைக் காலிலேயே சாய்ந்து உட்கார்ந்து அழுதான். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "நீ உன் சாமியக் கும்பிடு. நான் என் மாதாவக் கும்பிடுதேன். எந்திரி, அந்தப் புள்ள தனியா இருப்பா, ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன். போனான்.

வாரனிடம் நடந்ததைச் சொன்னேன். "வண்டியில் ஏறு" என்றார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "எடுக்க வேண்டி வந்தால், அன்றைக்கு நான் எடுக்கிறேன். நீ வர வேண்டாம்" என்றார்.  ஆப்பிளில் முதல் துண்டை நீட்டினார். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் பலகையைத் தாண்டும்போது நான் எண்ணை அண்ணாந்து பார்த்து, "ஆண்டவரே, இது நீர் கொடுத்த கணக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். சுகன்யா மாடியில் உட்கார்ந்து பால் எடுத்துக்கொண்டேயிருந்தாள். பிரகாஷ் கொண்டுபோய்க்கொண்டேயிருந்தான். அவன் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவான். தொற்று இறங்கிவிட்டது என்று ஒரு நாள் சுகன்யா ஜன்னலிலிருந்து கத்தினாள். பிறகு குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். மரங்கள் துளிர்விட்டன. நான் எதுவும் துருவிக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஒரு காலையில் பாலத்தில் ஒரு பக்கச் சாலையை அடைத்து, கையில் கொடியோடு வண்டிகளை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தேன். எதிர்க்கரையில் ஒரு கார் நான்கு விளக்குகளும் மினுங்க, ஊர்ந்து வந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அது வேகம் எடுக்கவில்லை. கிட்டே வந்ததும் பிரகாஷ் கண்ணாடியை இறக்கினான். பின் சீட்டில் சுகன்யா. அவள் பக்கத்தில் குழந்தை சீட்டில் துணிக் குவியலாக ஒன்று, அதன் நடுவில் கொஞ்சம் முகம்.

"வீட்டுக்குப் போறோமுங்க அங்கிள்" என்றான்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் நான் லாரிக்கு ஓடிப்போய் மரப் பெட்டியைத் திறந்துவிட்டேன், நாளைக் காலைக்கு எந்த எண் வேண்டும் என்று பார்க்க. துணியைப் பிரித்த பிறகுதான் உறைத்தது, அவளை எப்போதோ கூட்டியாயிற்று, எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பெட்டியை மூடினேன். திரும்பி வந்து, இரண்டு பக்கமும் எல்லா வண்டிகளையும் நிறுத்திவைத்துவிட்டு, அவர்கள் காருக்கு மட்டும் கொடியைக் காட்டினேன்.